முத்தைக் கரைத்துப் பார்த்த ஹார்னெல்

முத்து என்றால் கழுத்தில் போடுவார்கள், காதில் போடுவார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். ஒருவர் அதை அமிலத்தில் போட்டார். கரைகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். 1865-ல் இங்கிலாந்தில் பிறந்த கடல் உயிரியல் விஞ்ஞானி. வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதியை அவர் கழித்தது மன்னார் வளைகுடாவிலும் சென்னை ராஜதானியின் இரண்டு கரைகளிலும்தான். தூத்துக்குடி, கீழக்கரை, தொண்டி, ராமேசுவரம் பக்கத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்து தாராவியிலும் செம்பூரிலும் தங்கிவிட்ட குடும்பங்களில், முத்துக்குளிப்பு பற்றிப் பாட்டனார் சொன்ன கதை ஒன்றாவது இருக்கும். அந்தக் கதைகளின் இன்னொரு பக்கத்தில் இந்த வெள்ளைக்காரர் இருக்கிறார்.

கண்ணாடித் துண்டில் கடல்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஜெர்சி என்று ஒரு சிறு தீவு உண்டு. அங்கே கடல் வற்றும்போது வெகு தூரத்துக்குப் பாறையும் சேறும் வெளியே தெரியும். நண்டு, நட்சத்திர மீன், கடல் பாசி, பெயர் தெரியாத பூச்சி புழு எல்லாம் அள்ளிக்கொள்ளலாம். அங்கேதான் ஹார்னெல் கை பழகினார். சினெல் என்ற இயற்கை ஆய்வாளரோடு சேர்ந்து 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கடல் உயிரியல் நிலையம் நடத்தினார்.

நிலையம் என்றால் சர்க்கார் பணத்தில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். பிழைப்புக்கு அவர்கள் செய்தது மைக்ராஸ்கோப் சிலைடு வியாபாரம். கடல் பிராணிகளைப் பதப்படுத்தி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கல்லூரிகளுக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கும் விற்றார்கள். 1893-ல் ஹார்னெல் ஒரு காலாண்டுப் பத்திரிகையும் தொடங்கினார். கடல் பிராணிகளைப் பற்றிச் சாதாரண ஆள் படித்தால் புரிகிற மாதிரி எழுதுவது அதன் நோக்கம். கட்டுரையைப் படித்துவிட்டு, அதே பிராணியின் சிலைடை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம்.

சிலைடு செய்வது லேசான வேலை இல்லை. உயிரோடு இருக்கும் கடல் பிராணியைத் தொட்டால் சுருண்டுகொள்ளும். சுருண்டதை வைத்து என்ன பார்க்க முடியும்? அது விரிந்திருக்கும்போதே மெல்ல மயங்கவைத்துச் சாகவைக்க வேண்டும். பிறகு அழுகாமல் இறுக்க வேண்டும். சாராயத்தின் வீரியத்தைப் படிப்படியாக ஏற்றி உடம்பிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்ற வேண்டும். மெழுகில் புதைத்துக் காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். சாயம் ஏற்றி, பிசின் வைத்துக் கண்ணாடிக்குள் மூட வேண்டும். ஒரு படியில் அவசரப்பட்டால் அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குப் போகும். நகைப் பட்டறையில் கல் பதிக்கிறவருக்கு இருக்கும் பொறுமையும் கைநிதானமும் இதற்கு வேண்டும்.

இந்தக் கைவேலைதான் பின்னால் அவரைக் கடல் தாண்டி இழுத்து வந்தது.

சிப்பி எங்கே போயிற்று?

அப்போது இலங்கை அரசுக்கு ஒரு தலைவலி. மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கம் உள்ள பார்களில் 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பார் என்பது கடலுக்கு அடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டு. ஒரு வருஷம் பாரைச் சோதித்தால் குஞ்சுச் சிப்பி கொட்டிக் கிடக்கும். சந்தோஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வெறும் பாறையும் மணலும்தான். சிப்பியை யாராவது திருடுகிறார்களா, மீன் தின்கிறதா, நோயா, கடலின் குணமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வருமானம் போய்க்கொண்டே இருந்தது.

லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் ஆராய வரவழைக்கப்பட்டார். அவர் உதவிக்கு அழைத்து வந்த ஆள் ஹார்னெல். 1902 ஜனவரியில் இருவரும் இலங்கையில் இறங்கினார்கள். 'லேடி ஹேவ்லாக்' என்ற கப்பலில் பார் பாராகச் சுற்றினார்கள். சில மாதங்களில் பேராசிரியர் தமது கல்லூரி வேலையைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார். காலியில் ஆராய்ச்சிசாலை அமைத்து, தொட்டிகளில் சிப்பியை வளர்த்து, மாதா மாதம் கடலுக்குப் போய்வந்து குறிப்பெடுத்தது அவர்தான். பெரிய பெயர் பேராசிரியருக்கு, அன்றாட உழைப்பு உதவியாளருக்கு என்பது எந்த ஆபீசிலும் உள்ள வழக்கம்தானே!

பெரிய பார் என்று ஒரு பார். அதைத் 'தாய்ப்பார்' என்றும் கடலோடிகள் சொல்லி வந்தார்கள். வருஷா வருஷம் அங்கே குஞ்சுச் சிப்பி குவியும், பிறகு காணாமல் போகும். அங்கே பிறந்து வளர்ந்து, நகர்ந்து மற்ற பார்களுக்குக் குடிபோகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1902 மார்ச் மாதம் பார்த்தபோது அந்தப் பார் முழுக்கக் கோடி கோடியாகக் குஞ்சுச் சிப்பி. நவம்பரில் ஹார்னெல் மறுபடி போய் ஆளை இறக்கிப் பார்த்தார். ஒரு சிப்பிகூட இல்லை.

நடுவில் வந்து போனது தென்மேற்குப் பருவக்காற்று. அந்தப் பார் கடல் திறந்த இடத்தில், ஆழத்தின் விளிம்பில் இருக்கிறது. மழைக்காலத்து அலை அடிமணலைக் கிளறிப் பாரையே மூடிவிடுகிறது, அல்லது குஞ்சுகளைப் பெயர்த்து ஆழத்துக்கு அடித்துக்கொண்டு போகிறது. சிப்பிகள் குடிபோகவில்லை, மொத்தமாகச் செத்துக்கொண்டிருந்தன. தாய்ப்பார் என்று பெயர் வைத்திருந்த இடம் உண்மையில் சுடுகாடு.

இதோடு இன்னும் பல விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. முட்டையிலிருந்து வெளிவரும் சிப்பிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சில வாரங்கள் அது நீரோட்டத்தில் மிதக்கும். பிறகு கனத்துக் கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் பாறை இருந்தால் பிழைக்கும், மணல் இருந்தால் சாகும். ஆகவே ஒரு பாரில் சிப்பி விளைவதும் விளையாததும் அந்த வருஷத்து நீரோட்டத்தைப் பொறுத்தது. ஒட்டிய பிறகும் நிம்மதி கிடையாது. திருக்கையும் கிளாத்தியும் கூட்டமாக வந்து மேயும். கும்பலாக ஒட்டினால் ஒன்றை ஒன்று நெருக்கியே சாகும். நாலைந்து வயதில்தான் நல்ல முத்து. அதற்கு மேல் விட்டுவைத்தால் சிப்பி தானாகவே செத்துப்போகும். அந்த ஓரிரு வருஷ இடைவெளியில் கண்டுபிடித்து எடுத்தால் உண்டு.

அமிலத்தில் முத்து

அடுத்த கேள்வி, முத்து எப்படி உண்டாகிறது என்பது.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று நம் நாட்டில் சொல்வார்கள். மணல் உறுத்தி முத்தாகிறது என்பது பள்ளிக்கூடத்தில் சொல்வது. ஹார்னெலும் ஹெர்ட்மனும் முத்தையே கேட்டுப் பார்த்தார்கள். நீர்த்த அமிலத்தில் போட்டால் முத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். வெங்காயத் தோல் போல மெல்லிய சவ்வு அடுக்கடுக்காக மிஞ்சும். அடுக்கை உரித்து உரித்து நடுவில் என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். அரிசி நொய் அளவு முத்துக்குள் இந்த வேலை. ஜெர்சியில் பழகிய கை இங்கே உதவிற்று.

மணல் இருந்தது மிகச் சில முத்துக்களில்தான். நல்ல முத்துக்களின் நடுவில் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றிற்று. உடனே ஒரு பெரிய சங்கிலியைக் கட்டினார்கள். புழுக் குஞ்சு சிப்பிக்குள் நுழைகிறது. சிப்பி அதைச் சுற்றி முத்துப் பூசிச் சமாதி கட்டிவிடுகிறது. அப்படிச் சிக்காத புழு, சிப்பியைத் தின்னும் மீனின் வயிற்றுக்குப் போகிறது. அந்த மீனைத் திருக்கை தின்கிறது. திருக்கையின் குடலில் புழு பெரிதாகி முட்டை இடுகிறது. முட்டை கடலில் கலந்து மறுபடி சிப்பிக்கு வருகிறது. சிப்பிக்கு எதிரியான மீனே முத்துக்கும் காரணம்!

கேட்க நன்றாக இருந்தது. பத்திரிகைகள் எழுதின. ஆனால் நிற்கவில்லை. லிஸ்டர் ஜேம்சன் என்ற இன்னொரு விஞ்ஞானி அதே இலங்கை முத்துக்களை எடுத்து ஆராய்ந்து, நடுவில் இருப்பதாகச் சொன்ன புழு பெரும்பாலானவற்றில் புழுவே இல்லை என்று 1912-ல் எழுதினார். ஜப்பான்காரர்கள் அதற்குள் வேறு வழியில் வெகு தூரம் போயிருந்தார்கள். சிப்பியின் மேலங்கி போன்ற தோலிலிருந்து ஒரு துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு பை போல வளர்ந்தால், அந்தப் பைக்குள் முத்து விளைகிறது. உள்ளே புழு இருக்கலாம், மணி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். முக்கியம் அந்தத் தோல்தான். மிகிமோட்டோ 1893-லேயே அரைவட்ட முத்து விளைவித்துவிட்டார். இருபது வருஷத்துக்குள் உருண்டை முத்தும் ஜப்பானில் வந்துவிட்டது.

ஹார்னெலின் வாழ்க்கையில் இது ஒரு சறுக்கல்தான். மணலையும் நீரோட்டத்தையும் பற்றி அவர் கண்டது நின்றது. புழுவைப் பற்றிச் சொன்னது விழுந்தது. முதலாவது, கடலுக்குப் பலமுறை போய்ப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது, கண்ணாடிக்கு அடியில் எதையோ தேடும்போது, தேடியது கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

மரிச்சுக்கட்டி முகாம்

1903-ல் முத்துக்குளிப்பு மறுபடி தொடங்கியது. 1905-ல் நடந்ததுதான் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது. இலங்கை அரசுக்கு ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்தக் காலத்து 25 லட்சம்!

மரிச்சுக்கட்டி என்ற பொட்டல் கரையில் சில வாரத்துக்குள் ஓலைக் கொட்டகையால் ஒரு நகரமே எழும்பும். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு எல்லாம் உண்டு. குளிப்பு முடிந்ததும் நகரம் மறைந்துவிடும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், குளச்சல் எல்லா ஊர்க் குளிகாரர்களும் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியர் வந்தார்கள்.

காலில் கல் கட்டிய கயிறு, கழுத்தில் வலைப்பை. மேலே படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள். அவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருப்பார். உயிர் அவர் கையில் அல்லவா! அரபியர் மூக்கில் கொம்புக் கிடுக்கி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். எட்டு ஒன்பது பாகம் ஆழம். ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்டதை வாரிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை என்று கணக்கு இல்லை. சுறாவைக் கட்டுப்படுத்த மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' இல்லாவிட்டால் கடலில் இறங்கப் பலர் துணியமாட்டார்கள்.

கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தவர்களுக்கு. அரசின் கூறு அன்று இரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் சிப்பியைத் திறக்கமாட்டார். தோணிகளில் கொட்டி அழுகவிடுவார். ஈ மொய்த்துப் புழு வைத்துச் சதை கரைந்த பிறகு கழுவி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் மைல் கணக்கில் வீசுமாம்.

ஹார்னெல் இந்த முகாம்களில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். குளிகாரர்கள் சொன்ன பார்களின் பெயரும், காற்றின் பெயரும், மீனின் பெயரும் தமிழிலேயே அவர் அறிக்கைகளில் ஏறின. அதற்கு முன்னும் பின்னும் வந்த பல துரைமார் குளிகாரர்களைக் கூலி ஆட்களாக மட்டுமே பார்த்தார்கள். இவர் அவர்களிடம் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தாய்ப்பார் விஷயத்தில் அவர்கள் கண்டதும் தப்பில்லை. குஞ்சு வருவதையும் மறைவதையும் அவர்கள் சரியாகத்தான் கவனித்திருந்தார்கள். காரணம்தான் வேறு.

1905-ன் வருமானத்தைப் பார்த்து லண்டனில் சிலருக்கு வாயில் நீர் ஊறியது. 1906-ல் ஒரு கம்பெனி, வருஷம் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் என்று இருபது வருஷத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. விஞ்ஞானிகள் சொன்ன யோசனைப்படி கடலில் கல்லைக் கொட்டினார்கள். நெருக்கமாகக் கிடந்த குஞ்சுகளை அள்ளி வேறு பார்களில் விட்டார்கள். 1907-ல் ஒரு குளிப்பு நடந்தது. அதோடு சரி. சிப்பி மறுபடி கைவிட்டது. 1912-ல் கம்பெனியை மூடினார்கள். அடுத்த குளிப்பு நடக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் சிப்பி போகிறது என்று தெரிந்துகொண்டதால் போகாமல் நிறுத்திவிட முடியும் என்று ஆகாது. அந்தக் கம்பெனி பங்குதாரர்கள் இதைப் பணம் கொடுத்துப் படித்தார்கள்.

தூத்துக்குடியும் சங்கும்

1908-ல் ஹார்னெல் சென்னை ராஜதானியின் மீன்துறைக்கு வந்தார். அதை நடத்தி வந்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1890-களிலேயே பெரிய அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான். கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்குகிற குமாஸ்தாக்கள் இவருக்கும் ஒரு கும்பிடு போடலாம். ஹார்னெலின் பொறுப்பில் வந்தவை முத்தும் சங்கும். பழவேற்காடு ஏரியில் உண்ணும் சிப்பி வளர்க்க முடியுமா என்றும் சோதனை செய்தார். 1914-ல் தொண்டியில் முத்துக்குளிப்பு நடந்தது. முத்து எப்போதோ வரும் விருந்தாளி. சங்குதான் வருஷா வருஷம் சோறு போடுவது.

சங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914-ல் வெளிவந்தது. ஒரு பிராணியைப் பற்றி இப்படியும் எழுத முடியுமா என்று இருக்கும். சங்கு எந்த மணலில் வாழ்கிறது, என்ன புழுவைத் தின்கிறது, ஆட்டுக்கொம்பு போல வளையம் வளையமாக எப்படி முட்டைக்கூடு கட்டுகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. வலம்புரி என்பது லட்சக்கணக்கில் ஒன்று வாய் மாறிப் பிறக்கும் சங்கு. நாம் வலம்புரி என்பதை விலங்கியல்காரர்கள் இடப்பக்கம் சுழன்றது என்பார்கள். சங்கை எந்தப் பக்கமிருந்து பிடித்துப் பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

தூத்துக்குடிச் சங்கு அப்போது கப்பலேறிப் போனது வங்காளத்துக்கு. டாக்காவில் சங்கு அறுக்கும் தொழிலாளிகள் அரைவட்ட ரம்பத்தால் அதை வளையல் வளையலாக அறுப்பார்கள். கல்யாணமான வங்காளிப் பெண் கையில் அந்த வெள்ளை வளையல் இருக்க வேண்டும். நமக்குத் தாலி போல. மும்பை லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பெண்ணின் கையில் வெள்ளை வளையல் இருந்தால், அது நம் தூத்துக்குடிக் கடலில் பிறந்ததாக இருக்கலாம்.

சங்கு சர்க்கார் சொத்து. குளித்து எடுத்தவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும். அளவு வளையத்துக்குள் நழுவி விழும் சிறிய சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும். சிறியதை விடுவது நாளைய விளைச்சலுக்கு நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. டாக்காவில் அது விற்கும் விலைக்கும் தூத்துக்குடிக் குளிகாரர் வாங்கிய கூலிக்கும் இருந்த தூரத்தைக் குறைக்க அந்த வளையம் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம் நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பெருமை தரும். தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கம் கொற்கை. பாண்டியர் காலத்துத் துறைமுகம். இப்போது கடல் பல மைல் விலகிப்போய் வயல்காட்டு ஊராக இருக்கிறது. அங்கே மண்ணில் உடைந்த சங்குத் துண்டுகள் கிடந்தன. ஊராருக்கு அது குப்பை. ஹார்னெல் பொறுக்கி எடுத்து வெட்டு வாயைப் பார்த்தார். தானாக உடைந்த சங்கின் விளிம்பு ஒரு மாதிரி இருக்கும், ரம்பம் பட்ட விளிம்பு வேறு மாதிரி இருக்கும். கொற்கைத் துண்டுகளில் இருந்தது ரம்ப வரி. டாக்கா பட்டறையில் கழித்துப் போடும் துண்டுகளும் அப்படியேதான் இருந்தன. வங்காளத்துக்குச் சங்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த ஊர் ஒரு காலத்தில் தானே சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறது. சங்க இலக்கியத்தில் கொற்கையும் சங்கறுப்பவர்களும் பேசப்படுவதோடு இது ஒத்துப்போனது. மைக்ராஸ்கோப் இல்லாமல் வெறும் கண்ணால் செய்த ஆராய்ச்சி இது. ஆனால் பழகியது அதே கண்தான்.

குஜராத் முனையில்

பரோடா மகாராஜாவின் ஆட்சியில் காதியவார் முனையில் ஓகாமண்டல் என்ற பகுதி இருந்தது. மும்பையிலிருந்து ஓகா போகிற ரயிலில் துவாரகைக்கு யாத்திரை போனவர்கள் அந்தக் கரையைப் பார்த்திருப்பார்கள். அங்கே கடலில் என்னென்ன இருக்கிறது, எதில் வருமானம் வரும் என்று பரோடா அரசுக்கு ஹார்னெல் ஆராய்ந்து சொன்னார். அறிக்கை 1909-லும் 1916-லும் இரண்டு பாகமாக அச்சாயிற்று. முத்துச்சிப்பி, சங்கு, ஜன்னலுக்குக் கண்ணாடி போலப் பதிக்கும் தட்டைச் சிப்பி எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் காலத்தில் முத்து வியாபாரத்துக்கு மும்பைதான் பெரிய சந்தை. பாரசீக வளைகுடா முத்து இங்கே வந்து தரம் பிரித்துத் துளை போட்டுத்தான் பாரிசுக்குப் போகும். ஜப்பான் வளர்ப்பு முத்து வந்து குவிந்த பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

மத்தி மீன் கணக்கு

1918-ல் நிக்கல்சன் ஓய்வு பெற்றார். ஹார்னெல் மீன்துறை டைரக்டர் ஆனார். 1924 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

இந்தக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது முத்து மாதிரி விலை உயர்ந்த சரக்கு அல்ல. ஏழை வீட்டு மத்தி மீன். மும்பை பஜாரில் 'தார்லி' என்று விற்கிறார்களே அதுதான். மலபார் கரையில் ஒரு வருஷம் தென்னைக்கு உரம் போடும் அளவுக்கு மத்தி குவியும். எண்ணெய் எடுப்பார்கள், சக்கையை உரமாக விற்பார்கள். அடுத்த வருஷம் அடுப்பு எரியாது. முத்துச்சிப்பிக்குச் சொன்ன அதே கதை, ஆனால் இதில் பாதிக்கப்பட்டது லட்சக்கணக்கான வயிறு.

ஹார்னெலும் அவருடைய உதவியாளர் ராமசாமி நாயுடுவும் மலபார் கரையில் மத்தியின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கூடவே கடல் நீரை மெல்லிய துணி வலையில் வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் எண்ணினார்கள். மீனின் வயிற்றில் இருந்ததும் வலையில் சிக்கியதும் ஒன்றேதான். கண்ணுக்குத் தெரியாத பாசிதான் மத்தியின் சாப்பாடு. மழைக்காலத்தில் கடல் கலங்கி அந்தப் பாசி பெருகும், பின்னாலேயே மத்தி வரும். முத்துச்சிப்பிக்கு ஹெர்ட்மன் பெயர் முதலில் வந்தது. மத்திக் கட்டுரையில் ஹார்னெலின் பெயரோடு ராமசாமி நாயுடுவின் பெயரும் சேர்ந்தே அச்சாயிற்று. துரைமார் காலத்தில் இது எல்லாரும் செய்த காரியம் இல்லை. மத்தியைப் பற்றி அதற்குப் பின் எழுதிய இந்திய விஞ்ஞானிகள் இந்தக் கட்டுரையில்தான் ஆரம்பிப்பார்கள்.

கட்டுமரம்

கடலுக்குப் போகும்போதெல்லாம் அவர் கண் படகின் மேலும் இருந்தது. கட்டுமரத்தில் எத்தனை கட்டை, எப்படிக் கட்டுகிறார்கள்; ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகு சோழமண்டலக் கரையின் அலையில் ஏன் உடையாமல் வளைந்து கொடுக்கிறது; நாகப்பட்டினம் பக்கத்தில் கோலா மீன் பிடிக்கப் போகும் பெரிய மரம் எப்படி; பாக் நீரிணையில் பக்கவாட்டில் கட்டை கட்டிய தோணி எங்கிருந்து வந்தது என்று அளந்து படம் போட்டு வைத்தார். 1920-ல் வங்காள ஆசியக் கழகம் அதை வெளியிட்டது. அந்தப் பக்கக்கட்டைத் தோணி, பசிபிக் தீவுக்காரர்களின் இனத்தோடு நமக்கு இருந்த பழைய தொடர்பைக் காட்டுகிறது என்று அவர் எழுதியதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அளவுகளும் படங்களும் மட்டும் இன்றைக்கும் உதவுகின்றன. அவர் பார்த்த படகுகளில் பலவற்றைக் கட்ட இன்று ஆள் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய் உட்காரவில்லை. 1924-ல் 'செயின்ட் ஜார்ஜ்' என்ற கப்பலில் விஞ்ஞானிகளோடு பசிபிக் போனார். பிறகு மொரீசியஸ், சிஷெல்ஸ், மால்டா, பாலஸ்தீனம் என்று பல நாட்டு அரசுகளுக்கு மீன்பிடி பற்றி அறிக்கை எழுதினார். ஹேடன் என்ற அறிஞரோடு சேர்ந்து பசிபிக் தீவுகளின் படகுகளைப் பற்றி எழுதிய மூன்று பாக நூல் 1936 முதல் 1938 வரை ஹொனலூலுவில் வெளிவந்தது. உலகத்துப் படகுகள் எல்லாவற்றையும் பற்றிய நூல் 1946-ல். 1949-ல் காலமானார். பல நாட்டு மீன்பிடி முறைகளைப் பற்றி எழுதி வைத்திருந்த கடைசிப் புத்தகம் அவர் இறந்த மறு வருஷம் அச்சாயிற்று.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பி வருமா என்று அதன் பின்னும் பார்களைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் அவருடைய குழுவும் அங்கே ஆராய்ச்சிசாலையிலேயே முத்து விளைவித்தார்கள். சிப்பியின் தோலில் ஒரு துணுக்கு வெட்டி, ஒரு சிறு மணியோடு சேர்த்து, இன்னொரு சிப்பிக்குள் வைத்து மறுபடி கடலில் தொங்கவிட்டார்கள். அந்த மணியை ஜப்பானிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. ஆகவே உள்ளூரிலேயே கிடைக்கும் சங்கின் ஓட்டைக் கடைந்து மணி செய்யும் முறையையும் அவர்களே உண்டாக்கினார்கள். அப்படி விளைந்த முத்தை அமிலத்தில் போட்டால் அடுக்கடுக்காகக் கரையும், நடுவில் ஒரு துண்டு தூத்துக்குடிச் சங்கு இருக்கும்.